இந்துஜாவின் கடைவாய்ப்பல்

இந்துஜா காலையில் இட்லி வேண்டாம் என்று சொன்னது மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. அவளுக்கு வயது இருபத்தேழு. இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவள் அம்மா ராஜி கேட்டதில்லை. நான்கு இட்லி, ஒவ்வொன்றின் தலையிலும் சீனி, சட்னி பக்கத்தில்கூட வரக்கூடாது. அது அந்த வீட்டின் சட்டம். அன்று தட்டைத் தள்ளிவிட்டு, இடது கன்னத்தைச் சுவரோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

இந்துஜா பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சி மெதுவாக நடந்த பிள்ளை. பேசுவாள், கொஞ்சமாக. வலிக்கிறது என்பதைச் சொல்லாக எடுத்துத் தர அவளுக்கு வராது. வாரத்தில் மூன்று நாள் நாகர்கோவிலில் இவளைப் போன்றவர்களுக்கான ஒரு பகல்நேர மையத்துக்குப் போய்த் தாள் கவர் ஒட்டுவாள். செவ்வாய்க்கிழமை மையத்திலிருந்து போன் வந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணை இந்துஜா தள்ளிவிட்டாளாம்.

"கோவம் ரொம்பக் கூடியிருக்கு. மனசுக்குப் பாக்குற டாக்டர்ட்ட ஒருக்கா காட்டுங்க" என்றார் டீச்சர்.

வியாழக்கிழமை கன்னம் வீங்கிவிட்டது. அங்கன்வாடியில் வேலை பார்க்கும் ராஜிக்குப் பிள்ளைகளின் வாயைப் பார்த்துப் பழக்கம் உண்டு. இந்துஜா கொட்டாவி விட்ட நேரம் பார்த்து டார்ச்சை அடித்தாள். கீழ்வரிசையில் கடைவாய்ப்பல் ஒன்று பாதி உடைந்து, கறுத்துப்போய் இருந்தது.

"இது கோவம் இல்லங்க. பல்லுவேதனையாக்கும்" என்று கணவனிடம் சொன்னாள்.

கணவர் ஆறுமுகப்பெருமாள், சுசீந்திரத்தில் நெல் விவசாயம் செய்கிறவர். அறுபத்தொரு வயது. யார் என்ன சொன்னாலும் "செரி" என்று சொல்லிவிடுகிற மனிதர். அடுத்த வயற்காரர் வாய்க்கால் தண்ணீரை முறை தப்பித் திருப்பிக்கொண்டாலும் செரிதான். பஸ்ஸில் இவர் துண்டு போட்ட இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தாலும் செரிதான். கூட்டாளிகள் அவருக்குச் செரிப்பெருமாள் என்றே பேர் வைத்திருந்தார்கள்.

இருவரும் மகளைக் கூட்டிக்கொண்டு முதலில் போன பல் ஆஸ்பத்திரியில், காத்திருக்கும் இடத்திலேயே அவள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டாள். உள்ளே ஏதோ மெஷின் சுற்றுகிற சத்தம் அவளுக்கு ஆகவில்லை. டாக்டர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார். "இவங்களுக்கு இங்க பாக்க முடியாது. திருவனந்தபுரம் கொண்டு போங்க" என்றார்.

"செரி டாக்டர்" என்றார் ஆறுமுகப்பெருமாள்.

இரண்டாவது இடத்தில் பார்க்கிறோம் என்றார்கள். நாற்காலியில் சாய்த்து, கைக்கு ஒருவர் காலுக்கு ஒருவர் என்று நான்கு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். இந்துஜாவின் உதை பட்டுத் தட்டு பறந்தது. அவள் அலறியது ரோட்டுவரை கேட்டது. ஆறுமுகப்பெருமாள் அந்த நான்கு பேர் கையையும் ஒவ்வொன்றாக எடுத்து விட்டார். சத்தம் போடவில்லை, கோபப்படவில்லை. "போதும். விடுங்க" என்று மட்டும் சொன்னார். அவர்கள் எழுதிக் கொடுத்த மாத்திரையில் வீக்கம் வடிந்தது. வலி முழுசாகப் போகவில்லை. இந்துஜா சோற்றைக் கஞ்சியாகக் குழைத்துத் தந்தால் வலதுபக்கமாகவே தின்றாள்.

வடசேரியில் ஜாஸ்பின் என்று ஒரு பெண் டாக்டர், இப்படிப்பட்டவர்களைப் பொறுமையாகப் பார்க்கிறார் என்று அங்கன்வாடிக்கு வரும் ஒரு தாய் ராஜியிடம் சொன்னாள்.

"இனி ஒருத்தர் முன்னாலயும் எனக்க பிள்ளைய அமுக்கிப் பிடிக்கச் சம்மதிக்க மாட்டேன்" என்றார் ஆறுமுகப்பெருமாள்.

"பிள்ளைய கூட்டிட்டுப் போவாண்டாம். நீங்க மட்டும் போய்ப் பேசிட்டு வாங்க."

"செரி" என்றார்.

டாக்டர் ஜாஸ்பினின் கிளினிக் வடசேரிச் சந்தைக்குப் பக்கத்தில், யேசுரத்தினம் என்பவரின் வாழைக்குலை மொத்தக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பதினாறு படி ஏறவேண்டும். கீழே பழுக்கிற மட்டிப்பழ வாசம் மாடிவரை கூடவே ஏறி வந்தது. டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மார்த்தாண்டத்துக்காரி. பேச்சில் ஒரு இழுப்பு இருந்தது. அவர் பல்லைப் பற்றி எதுவுமே கேட்காமல் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

"இந்துஜாவுக்கு என்னெல்லாம் பிடிக்கும், ஐயா?"

ஆறுமுகப்பெருமாள் விழித்தார். எந்த டாக்டரும் அவரிடம் கேட்ட கேள்வி அல்ல அது.

"சீனி பிடிக்கும். எண்ணுகது பிடிக்கும். தேங்கா, செருப்பு, பஸ்ல இருக்க ஆளு, எதக் கண்டாலும் எண்ணுவா. எனக்க ஸ்கூட்டர்ல பின்னால இருந்து வந்தா வழிநெடுக தென்னமரத்த எண்ணிட்டே வருவா."

"பிடிக்காதது?"

"மெஷின் சத்தம் ஆகாது. தலைய ஒருத்தரும் தொடப்பிடாது. சொல்லாம பின்னால வந்து நிண்ணா பயந்துபோவா."

ஒன்று சொல்ல இன்னொன்று ஞாபகம் வந்தது. முக்கால் மணி நேரம் அவர் பேசினார். வீட்டிலேயே அவ்வளவு பேசுகிறவர் இல்லை. கடைசியில் டாக்டர் நோட்டை மூடினார்.

"செவ்வாயும் வெள்ளியும் உச்சைக்கு ரெண்டு மணிக்கு வாங்க. அப்பம் வேற ஆளு இருக்காது. மெஷினையும் அணைச்சு வெச்சிருக்கேன். முதல்ல சும்மா வந்து பழகட்டும். ஆனா ஒரு காரியம். திரும்பவும் வீங்கினா காத்திருக்கப்பிடாது. மயக்கம் குடுக்கிற டாக்டர் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும். அதுக்கு நானும் கூட வருவேன். வீங்கல்லேன்னா பையப் பையப் போவோம்."

"பிடிச்சு அமுக்க..."

"ஒருத்தரும் பிடிக்க மாட்டோம்."

முதல் செவ்வாய்க்கிழமை இந்துஜா பதினாறு படியையும் எண்ணிக்கொண்டே ஏறி, கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வர மறுத்துவிட்டாள். டாக்டர் வெளியே வந்து அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தார். ஆளுக்கொரு மட்டிப்பழம் தின்றார்கள். அன்றைய சிகிச்சை அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஒரு ஜோடி கையுறையை நீட்டினார். இந்துஜா இரண்டையும் ஒரே கையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டாள். டாக்டர் சின்ன வாய்க்கண்ணாடியை அவளிடம் கொடுத்துவிட்டுத் தன் வாயைத் திறந்தார்.

"எனக்கு எத்தனை பல்லு உண்டுண்ணு எண்ணிச் சொல்லு பாப்போம்."

படியில் உட்கார்ந்து டாக்டரின் பற்களை இந்துஜா எண்ணினாள். கண்ணாடி பல்லில் இடித்தது. கண்ணாடியே போதாதென்று விரலையும் உள்ளே விட்டாள். உதவியாளர் செல்வதாஸ், ஆறடி உயரமும் அதற்கேற்ற உடம்பும் உள்ள ஆள், கதவருகில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மருந்து வாங்கிப் போக வந்த ஒரு பெரியவர் படியில் கால் வைத்துவிட்டு, யார் டாக்டர் என்று தெரியாமல் திகைத்து நின்றார்.

"முப்பத்திரெண்டு!" என்று அறிவித்தாள் இந்துஜா.

"எனக்கு இருபத்தொன்பதுல்லா இருக்கணும்" என்றார் டாக்டர், தாடையைத் தடவிக்கொண்டே. மூன்று கூடுதலாக எப்படி வந்தது என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

மூன்றாம் முறை வந்தபோது இந்துஜா தானாகவே உள்ளே போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அது மேலும் கீழும் போவது அவளுக்குப் பிடித்துப்போனது. ஐந்தாறு தரம் ஏற்றி இறக்கியபின் டாக்டர் சொன்னார்: "இப்பம் எனக்க முறை. பத்துவரை எண்ணுவேன். பத்துண்ணு சொன்னதும் கைய எடுத்திருவேன். சத்தியம்."

இந்துஜா வாயைத் திறந்தாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு..."

வாய் மூடிக்கொண்டது. டாக்டரின் விரல் உள்ளே இருந்தது.

"அம்மாடியோ!"

செல்வதாஸ் ஓடி வந்தார். இந்துஜா அதற்குள் வாயைத் திறந்து விரலை விட்டுவிட்டு, கோபத்தில் முகம் சிவக்க உட்கார்ந்திருந்தாள். ஆறுமுகப்பெருமாள் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"டாக்டர், மன்னிச்சிரணும். நான் சொல்ல மறந்துட்டேன். எல்லாம் சொன்னேன், இத விட்டுட்டேன். அவளுக்கு ஏழு கெடையாது."

"ஏழு கெடையாதா?"

"சின்னதுல அவளுக்கு அந்த ழ வரல்ல. ஏலு, ஏளுண்ணு என்னெல்லாமோ சொல்லிப் பாத்தா. பள்ளிக்கூடத்துல கேட்டுக் கேட்டுச் சிரிச்சாங்க. ஒரு நாள் வந்து ஏழு வேண்டாம்ணு சொல்லிட்டா. அதோட விட்டாச்சு. ஆறு முடிஞ்சா எட்டுதான், பதினாறு முடிஞ்சா பதினெட்டு. அவளுக்க வயசக் கேளுங்க, இருபத்தெட்டும்பா."

குழாயடியில் விரலைக் காட்டிக்கொண்டிருந்த டாக்டர் திரும்பிப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செல்வதாஸும் சிரித்தார். இந்துஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கேலியா என்று சந்தேகம். டாக்டர் வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"தப்பு என்மேலதான். நான் சரியா எண்ணல்ல. நீ எண்ணு. நான் உனக்க எண்ணிக்கைக்கு வேல செய்யுதேன்."

"நான்?"

"நீதான். வேண்டாம்ணா கையத் தூக்கு. நிறுத்திருவேன்."

அடுத்தடுத்த நாட்களில் கிளினிக்கில் ஏழு என்ற சொல்லே காணாமல்போனது. செல்வதாஸ் பஞ்சு உருண்டைகளை எடுத்து வைக்கும்போதுகூட ஆறு, எட்டு என்று எண்ணப் பழகிவிட்டார். இந்துஜா வாயைத் திறந்துகொண்டே "ங், ங், ங்" என்று எண்ணினாள். எத்தனையாவது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். பத்து வந்ததும் கையை உயர்த்துவாள். டாக்டரின் கை உடனே வெளியே வந்துவிடும். அந்த அதிகாரம் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு தரம் கையைத் தூக்கிப் பார்த்தாள், பாதித் தரம் காரணமே இல்லாமல். பதினொரு தரமும் டாக்டர் நிறுத்தினார்.

பன்னிரண்டாவது வருகையில் எக்ஸ்ரே எடுக்க முடிந்தது. வேரைச் சுத்தம் செய்து காப்பாற்ற முடியாத அளவுக்குப் பல் உடைந்திருக்கிறது, எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டர். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

அன்று ராஜியும் லீவு போட்டுவிட்டு வந்தாள். இரண்டாவது ஆஸ்பத்திரியில் மகள் அலறிய அலறல் அவள் காதைவிட்டுப் போகவில்லை. நாற்காலியின் இடப்பக்கம் அவளும் கால்மாட்டில் ஆறுமுகப்பெருமாளும் நின்றார்கள். யாரும் யாரையும் பிடிக்கவில்லை.

டாக்டர் ஒவ்வொன்றையும் முதலில் காட்டிவிட்டுத்தான் செய்தார். ஈறு மரத்துப்போக ஒரு களிம்பு தடவினார். பிறகு ஊசி. "இது கடிக்கும். எறும்பு கடிக்கது மாதிரி. நீ எண்ணு."

இந்துஜாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. கை பாதி உயர்ந்தது. எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள். அது அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பைய இறங்கி ராஜியின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. "ங், ங், ங்" என்று எண்ணிக்கை தொடர்ந்தது.

உதடு மரத்துப்போனபின் பல் எடுக்கும் வேலை தொடங்கியது. பத்துப் பத்தாக எண்ண வேண்டியிருந்தது. இரண்டாவது பத்தில் ராஜியும் சேர்ந்து எண்ணினாள். மூன்றாவது பத்தில் செல்வதாஸ் சேர்ந்துகொண்டார். நான்காவது பத்தில் ஆறுமுகப்பெருமாள் எல்லோரையும்விடச் சத்தமாக, வயலில் ஆளைக் கூப்பிடுகிற குரலில் எண்ணினார். "ஆறு! எட்டு!" கீழே குலை இறக்கிக்கொண்டிருந்த யேசுரத்தினம், மாடியில் என்ன ஏலம் நடக்கிறது என்று அண்ணாந்து பார்த்தாராம்.

"வந்தாச்சு" என்றார் டாக்டர்.

யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. இந்துஜாவுக்குத்தான் கடைசியாக வந்தது. டாக்டர் பல்லைக் கழுவி அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு சின்னதா இவ்வளவு நாள் படுத்தியது என்பதுபோல் இருந்தது அவள் பார்வை. பஞ்சு கடித்த வாயோடு, விரலை நீட்டி அதை அதட்டினாள்.

"ஏட்டி! போ!"

ராஜிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "போவும் மக்களே, போவும்" என்று சொல்லி மகளின் தலையைத் தடவப்போய், ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். இந்துஜா அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வீங்கியிருந்த அதே கன்னம்.

ஒரு வாரம் கழித்துக் காட்ட வந்தபோது புண் நன்றாக ஆறியிருந்தது. மற்றப் பற்களைச் சுத்தம் செய்தார்கள். சொத்தை தொடங்கியிருந்த இரண்டு பற்களை அடைக்க நாள் குறித்தார்கள். சீனி விஷயத்தில் டாக்டரும் இந்துஜாவும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேரம் பேசி, இனி இரண்டு இட்லிக்கு மட்டும் சீனி என்று முடிவானது. எல்லாம் முடிந்தும் ஆறுமுகப்பெருமாள் கிளம்பாமல் நின்றார்.

"என்ன ஐயா?"

"ஒரு காரியம் கேக்கணும்." சுசீந்திரத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் வழி முழுக்க அவர் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். "மையத்துல இருபத்திரெண்டு பேரு உண்டு டாக்டர். எல்லா வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டேன். அதுல பத்தொம்பது பேருக்க வாய இதுவரைக்கும் ஒரு டாக்டரும் பாத்ததில்ல. சில பேரு ரெண்டு மூணு இடத்துக்குப் போயிட்டு, என்னைப் போல செரிண்ணு சொல்லிட்டுத் திரும்பி வந்தவங்க. அவங்களையும் நீங்க பாக்கணும்."

டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "வியாழக்கிழமை உச்சைக்குப் பொறவு முழுசும் அவங்களுக்குண்ணு வெச்சிரலாம். எனக்கும் ஆசைதான். ஆனா பதினாறு படி இருக்கே. வீல்சேர்ல வாறவங்க எப்படி ஏறுவாங்க?"

ஆறுமுகப்பெருமாள் படியிறங்கிக் கீழே போனார். யேசுரத்தினம் குலைகளுக்கு நடுவில் நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார். பருத்த உடம்பு, பெரிய குரல். எட்டு வாரமாகப் படியேறும்போது பார்த்துத் தலையாட்டியதோடு சரி.

"அண்ணாச்சி, உங்களுக்க கடைக்க முன்பக்கம் எங்களுக்கு வேணும்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு மொட்டையாகக் கேட்டுவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. ஆனாலும் நின்ற இடத்திலேயே நின்று, வியாழக்கிழமை, வீல்சேர், பத்தொன்பது பேர் என்று முழுவதையும் சொல்லி முடித்தார்.

யேசுரத்தினம் மேலே மாடியைப் பார்த்தார். "அண்ணைக்கு எண்ணினது நீங்கதானா?"

"ஆமா."

"வியாழக்கிழமை உச்சைக்கு மேல நமக்கு லாரி கெடையாது. குலைய உள்ள தள்ளிட்டா எடம் தாராளமா கிடைக்கும். கழுவி விடச் சொல்லுதேன்."

ஆறுமுகப்பெருமாள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே வந்தார். மூச்சு வாங்கியது. "தந்துட்டாரு டாக்டர். கேட்டேன், தந்துட்டாரு" என்றார். ராஜி தன் கணவனைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

முதல் வியாழக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். கடையின் முன்பக்கத்தைக் கழுவித் துடைத்து மேசை போட்டிருந்தார்கள். வாயைப் பார்ப்பதும் பல் தேய்க்கச் சொல்லிக் கொடுப்பதும் கீழே. மற்ற வேலைகளுக்கு, ஏற முடிகிறவர்கள் மாடிக்கு. முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று டாக்டர் நோட்டில் குறித்துக்கொண்டார். உள்ளே செவ்வாழையும் நேந்திரனும் பாளையங்கோடனும் வரிசையாகத் தொங்கின. மைய டீச்சரும் வந்திருந்தார். ராஜியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேதனையக் கோவம்ணு சொல்லிட்டேன். இனி யாரு மொரண்டு பிடிச்சாலும் முதல்ல வாயத்தான் பாப்பேன்" என்றார். இந்துஜா கையுறைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வருகிற எல்லோருக்கும் இரண்டிரண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குலை பார்க்க வந்த வியாபாரி ஒருவருக்கும் கொடுத்தாள். அவரும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஐந்தாவதாக மணவாளக்குறிச்சியிலிருந்து டிஜோ வந்தான். முப்பது வயது. பிறவியிலேயே கைகால் விறைத்துப்போனவன். பேச்சு இல்லை, ஆனால் சொல்வதெல்லாம் புரியும். வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்த அவன் அம்மா ஸ்டெல்லாபாய் வாசலிலேயே தயங்கினாள்.

"டாக்டர், ஏசப்பிடாது. பதினாலு வருசத்துக்கு முன்ன ஒரு எடத்துக்குக் கொண்டு போனேன். இவன நாற்காலில இருத்த முடியாதுண்ணு அனுப்பிட்டாங்க. அதுக்குப் பொறவு எங்கயும் காட்டல்ல. உள்ள எப்படி இருக்கோ என்னவோ."

"யாரும் ஏச மாட்டோம். அவரு இருக்க இடத்துலயே பாப்போம்."

செல்வதாஸ் பின்னால் நின்று வீல்சேரைச் சாய்த்துத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். டிஜோவின் தலை அவர் வயிற்றில் மெத்தென்று அமர்ந்தது. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். மேல்வரிசை. கீழ்வரிசை. மறுபடியும் மேல்வரிசை. ஸ்டெல்லாபாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"இவருக்கு யாரு பல்லு தேய்ச்சு விடுகது?"

"நானாக்கும்... தப்பாச் செஞ்சிருந்தா..."

"ஒரு சொத்தைகூட இல்ல."

"என்ன?"

"ஒண்ணுகூட இல்ல அக்கா. ஈறுல ரத்தமும் இல்ல. எனக்கு மூணு பல்லு போயாச்சு. இவருக்கு முப்பத்திரெண்டும் இருக்கு. எப்படிச் செய்யுதீங்க?"

ஸ்டெல்லாபாய் அழவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. தரையில் உட்கார்ந்து தன் மடியில் அவன் தலையை வைத்துக்கொண்டு தேய்ப்பதாகச் சொன்னாள். துணியைச் சுருட்டிக் கடைவாயில் வைத்து வாயைத் திறந்தபடி நிறுத்துவாள். பிரஷ்ஷின் கம்பைச் சைக்கிள் டியூப்பால் சுற்றித் தடிமனாக்கியிருக்கிறாள். ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு ஒரு நாளும் தவறியதில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. அவளாகவே கண்டுபிடித்தது.

"இத எல்லாருக்கும் இப்பமே சொல்லிக் குடுங்க" என்றார் டாக்டர். "எனக்கும்தான்."

வாழைச்சருகு விரித்து, அதன்மேல் பாய் போட்டார்கள். செல்வதாஸும் ஆறுமுகப்பெருமாளுமாக டிஜோவைத் தூக்கி அம்மாவின் மடியில் தலை வரும்படி கிடத்தினார்கள். எட்டு வீட்டு அப்பா அம்மாக்களும் சுற்றி நின்றார்கள். ஸ்டெல்லாபாய்க்கு முதலில் குரல் எழும்பவில்லை. தேய்க்கத் தொடங்கியதும் குரல் தானாக வந்தது. "இஞ்ச பாருங்க, கன்னத்த இப்படி ஒதுக்கணும். அமுக்கிப் பிடிக்கப்பிடாது" என்று சொல்லிக்கொண்டே போனாள். ராஜி குனிந்து நெருங்கிப் பார்த்தாள். டீச்சர் போனில் படம் பிடித்தார்.

தேய்த்து முடிந்ததும் யேசுரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முழங்காலை ஊன்றி, டார்ச்சை வாங்கி டிஜோவின் வாய்க்குள் அடித்துப் பார்த்தார்.

"எலே மக்கா! முத்து கோத்து வெச்ச மாதிரில்லா இருக்கு!"

டிஜோவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உடம்பெல்லாம் குலுங்கியது. பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். கையுறை போட்ட வியாபாரி பார்த்தார். குலை சுமக்கிறவர்கள் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்து முடியும்வரை டிஜோ வாயை மூடவே இல்லை.